வெள்ளரியின் மரபியல்

வெள்ளரி (குக்குமிஸ் சட்டைவஸ்) பாரத தேசத்தையே ஜன்மபூமியாகக் கொண்ட கொடி. இமயத்தின் அடிவாரத்தில் தானே முளைக்கும் ‘ஹார்ட்விக்கை’ என்ற கசப்புக் காய்ச்சாதி அதன் வன உறவு. முலாம்பழத்துக்குப் பன்னிரண்டு ஜோடி குரோமோசோம்கள் இருக்க, இதற்கு ஏழே ஜோடி. வெள்ளரியின் மரபணுத் தொகுதியைச் சீன விஞ்ஞானிகள் 2009இல் வெளியிட்டனர். எதிலீன் மிகுந்தால் பெண் பூக்களும், ஜிப்பரெல்லின் மிகுந்தால் ஆண் பூக்களும் பெருகும் என்ற உண்மையே வீரிய ஒட்டு விதை உற்பத்திக்கு ஆதாரம்.

ஆயினும் இவ்வாராய்ச்சியில் நம் நாட்டு விதைக்குரிய ஸ்தானமே விசேஷமாகச் சொல்லத்தக்கது. இலைகளைக் கருக்கும் அடிச்சாம்பல் நோயை எதிர்க்கும் சக்தி, இந்தியாவிலிருந்து அமெரிக்காவுக்குச் சென்ற பி.ஐ. 197087 என்ற பதிவெண் கொண்ட விதையில் இருப்பதை பார்ன்ஸ், எப்ஸ் என்னும் விஞ்ஞானிகள் இருவர் 1954இல் அறிவித்தனர். அதன் வம்சத்தில் தென் கரோலினாவில் உருவான ‘பாயின்செட்’ ரகம் பின்னர் இங்கேயே திரும்பி வந்து, கோ 1 ரகத்தோடு தமிழகத்துக்குரிய சாகுபடி ரகங்களில் ஒன்றாக இடம்பெற்றது. 2004இல் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் புதிய வீரியத்துடன் தோன்றிய நோய்க் கிருமிக்கு முன் அந்த எதிர்ப்புச் சக்தி தளரவே, ஆராய்ச்சியாளர் மீண்டும் நாடியதும் இந்திய விதையையே: பல மரபணுக்களால் எதிர்ப்பைத் தாங்கி நிற்கும் பி.ஐ. 197088.