பெர்முடா: விடுதலை நாளில் வேர்கொண்ட கிரிக்கெட்

வட அட்லாண்டிக் பெருங்கடலில், அமெரிக்காவின் வட கரோலினா கரையிலிருந்து சுமார் ஆயிரம் கிலோமீட்டர் கிழக்கே, ஏறத்தாழ 54 சதுர கிலோமீட்டர் பரப்பில் அமைந்துள்ள பெர்முடா தீவுகள், பிரித்தானிய முடியின் கீழ் இன்றும் தன்னாட்சியுடன் விளங்கும் கடல்கடந்த ஆட்சிப்பகுதியாகும். அறுபதாயிரத்துச் சொச்சம் மக்களே வாழும் இந்நிலத்தின் அணி, 2007ஆம் ஆண்டு உலகக்கோப்பையில் இந்தியா, இலங்கை, வங்கதேசம் ஆகியவற்றோடு ஒரே பிரிவில் ஆடியது என்பதே தமிழ் வாசகர் பலருக்கு அதைப் பற்றித் தெரிந்த ஒரே செய்தியாக இருக்கக்கூடும். அந்த அணியின் வரலாற்றை ஆட்டக் கணக்குகளைக் கொண்டு மட்டும் எழுதினால் அது பெரும்பாலும் தோல்விகளின் பட்டியலாகவே முடியும். அடிமைத்தளையிலிருந்து மீண்ட ஒரு மக்கள் தம் விடுதலை நாளைக் கொண்டாடத் தேர்ந்துகொண்ட ஆட்டம் கிரிக்கெட் என்பதை அறிந்த பின்னரே, அங்கே தேசிய அணி எழுந்த விதமும் சரிந்த விதமும் விளங்கும்.

1609இல் வர்ஜீனியாவை நோக்கிச் சென்ற ‘சீ வெஞ்சர்’ என்னும் ஆங்கிலேயக் கப்பல் இத்தீவுகளின் பவளப்பாறைகளில் மோதி நின்றதை அடுத்து, 1612 முதல் செயின்ட் ஜார்ஜஸ் நகரில் ஆங்கிலேயர் நிலையாகக் குடியேறினர். பெருந்தோட்டங்களுக்கு ஏற்ற நிலம் இங்கு இல்லாமையால், கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க அடிமைகள் கப்பல் கட்டுதல், கடலோட்டம், கல்தச்சு, வீட்டுவேலை ஆகியவற்றில் ஈடுபடுத்தப்பட்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தீவு பிரித்தானியக் கடற்படையின் முக்கியத் தளமாக வளர்ந்தபோது, அங்கு நிறுத்தப்பட்ட படையினரோடு கிரிக்கெட்டும் வந்து சேர்ந்தது. 1844இல் நடந்த ஓர் ஆட்டமே பதிவுபெற்ற முதல் ஆட்டமாகக் கருதப்படுகிறது. அடுத்த ஆண்டே பெர்முடா கிரிக்கெட் கிளப் தோன்றியது. அக்காலத்தில் அது படை அதிகாரிகளும் வெள்ளையரில் வசதி படைத்தோரும் ஆடிய ஆட்டமாகவே இருந்தது.

பிரித்தானியப் பேரரசில் அடிமைமுறை 1834 ஆகஸ்ட் 1 அன்று சட்டப்படி ஒழிக்கப்பட்டது. பெரும்பாலான கரீபியக் குடியேற்றங்களில், விடுவிக்கப்பட்டோர் மேலும் சில ஆண்டுகள் பழைய எசமானர்களிடமே கட்டாயமாக உழைக்க வேண்டும் என்ற ‘பயிற்சிக்கால’ ஏற்பாடு புகுத்தப்பட்டிருக்க, பெர்முடாவிலும் ஆன்டிகுவாவிலும் அது கைவிடப்பட்டு விடுதலை உடனடியாகவே நடைமுறைக்கு வந்தது. சட்டம் விடுதலையை அளித்ததே தவிர, நிலத்தையோ கல்வியையோ வாக்குரிமையையோ அளிக்கவில்லை. அந்த இடைவெளியை நிரப்பக் கறுப்பின மக்கள் தாமே அமைத்துக்கொண்டவை நட்புறவுச் சங்கங்கள். உறுப்பினரிடம் சிறு தொகை திரட்டி, நோயுற்றோருக்கும் கைம்பெண்களுக்கும் உதவி, இறுதிச்சடங்குச் செலவையும் ஏற்றுக்கொண்ட இச்சங்கங்கள் ஆண்டுதோறும் விடுதலை நாளைக் கூட்டு விருந்துகளுடன் கொண்டாடி வந்தன. அவ்விருந்துகளில், தீவின் மேற்கு முனையான சாமர்செட்டைச் சேர்ந்தோரும் கிழக்கு முனையான செயின்ட் ஜார்ஜஸைச் சேர்ந்தோரும் ஒருவரோடொருவர் கிரிக்கெட் ஆடினர். 1902இல் இந்தப் போட்டிக்கு ஒரு வெள்ளிக் கோப்பை ஏற்படுத்தப்பட, ‘கப் மேட்ச்’ என்று பெர்முடா மக்கள் அழைக்கும் ஆட்டம் முறையாகத் தொடங்கியது.

இரண்டு நாள், அணிக்கு இரண்டு இன்னிங்ஸ் என்ற அமைப்பில், ஓராண்டு கிழக்கிலும் மறு ஆண்டு மேற்கிலும் இப்போட்டி நடைபெறுகிறது. வெற்றி தோல்வி முடிவாகாவிட்டால், கோப்பையை முன்னர் வென்ற அணியே அதைத் தக்கவைத்துக்கொள்ளும் என்பது விதியாதலால், கோப்பை கையிலுள்ள அணி காத்து ஆடுவதும், இல்லாத அணி துணிந்து ஆடுவதும் இப்போட்டியின் இயல்பாயின. கரு நீலமும் வெளிர் நீலமும் செயின்ட் ஜார்ஜஸின் நிறங்கள். சிவப்பும் கரு நீலமும் சாமர்செட்டின் நிறங்கள். எந்த நிறத்தைச் சேர்ந்தவர் என்பது குடும்ப வழியாகவே பெரும்பாலும் அமைந்துவிடுகிறது. மகுடம், நங்கூரம் முதலிய ஆறு குறிகள் பொறித்த பகடைகளைக் கொண்டு ஆடும் சூதாட்டம், மற்ற நாட்களில் தடைசெய்யப்பட்டிருப்பினும், இவ்விரு நாட்களில் மட்டும் மைதானத்தில் அனுமதிக்கப்படுகிறது. விடுப்பு கிடைக்காதபோதும் தொழிலாளர்கள் வேலையை விட்டு ஆட்டத்திற்குத் திரண்டு வந்த நிலையில், 1947இல் அரசு இவ்விரு நாட்களையும் பொது விடுமுறையாக அறிவித்தது. இரண்டாம் நாளுக்கு, ‘சீ வெஞ்சர்’ கப்பலில் வந்த கடற்படைத் தலைவர் ஜார்ஜ் சாமர்ஸின் பெயர் நெடுங்காலம் வழங்கிவந்தது. 2020இல் அது, பெர்முடாவில் அடிமையாகப் பிறந்து தன் வாழ்வை 1831இல் லண்டனில் நூலாக வெளிவரச் செய்த மேரி பிரின்ஸ் என்னும் பெண்மணியின் பெயரைப் பெற்றது.

இவ்வாறு மக்களிடையே கிரிக்கெட் வேரூன்றிய காலத்தில், தீவுக்கு ஒரே அணி என்ற ஒன்று இருக்க முடியவில்லை. பள்ளி, உணவகம், திரையரங்கு ஆகிய எல்லாவற்றிலும் நிறவேற்றுமை நிலவிய அச்சமூகத்தில், வெள்ளையர் கிளப்புகளும் கறுப்பினத்தார் கிளப்புகளும் தனித்தனியே இயங்கின. அன்றைய ஆட்டக்காரருள் தலைசிறந்தவரான ஆல்மா ஹன்ட், 1933இல் இங்கிலாந்து செல்லவிருந்த மேற்கிந்தியத் தீவுகள் அணிக்கான தேர்வு ஆட்டத்தில் பங்கேற்றும், பெர்முடா அத்தீவுக் கூட்டத்தைச் சேர்ந்ததன்று என்பதால் இடம்பெறவில்லை. பின்னர் அவர் ஸ்காட்லாந்தின் அபர்டீன்ஷயர் கிளப்பில் தொழில்முறை ஆட்டக்காரராக விளங்கினார். 1938இல் பெர்முடா கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியம் அமைந்தது. 1959இல் கறுப்பின மக்கள் திரையரங்குகளைப் புறக்கணித்து நடத்திய போராட்டம் பொது இடங்களில் நிறவேற்றுமையைத் தகர்த்த பின்னரே, தீவு முழுவதன் பெயராலும் ஆடும் அணி என்ற எண்ணம் முழுப்பொருள் பெறலாயிற்று.

உலகக் கிரிக்கெட்டை நிர்வகிக்கும் அவையான ஐசிசி 1965இல் டெஸ்ட் ஆடாத நாடுகளுக்கும் ‘இணை உறுப்பினர்’ என்னும் நிலையை அளிக்கத் தொடங்கியபோது, மறு ஆண்டே பெர்முடா அதைப் பெற்றது. 1972இல் நியூசிலாந்துக்கு எதிராகத் தன் மண்ணில் ஆடிய முதல்தர ஆட்டத்தில், அதாவது டெஸ்ட் ஆட்டத்திற்கு அடுத்த நிலையில் வைத்து எண்ணப்படும் பல நாள் ஆட்டத்தில், அது இன்னிங்ஸ் தோல்வியைச் சந்தித்தது. ஆயினும் இணை உறுப்பு நாடுகளுக்கென நடத்தப்பட்ட ஐசிசி டிராபி போட்டியில் 1979இல் அரையிறுதியையும், 1982இல் இறுதியாட்டத்தையும் எட்டியது. லெஸ்டர் நகரில் நடந்த அவ்விறுதியாட்டத்தில் பெர்முடா 8 விக்கெட்டுக்கு 231 ஓட்டங்கள் எடுக்க, ஜிம்பாப்வே 5 விக்கெட் வித்தியாசத்தில் வென்று, ஒரே ஓர் அணிக்கு உரியதாயிருந்த 1983 உலகக்கோப்பை வாய்ப்பைக் கைக்கொண்டது.

அந்த வாய்ப்பு மீண்டும் வர இருபது ஆண்டுகளுக்கு மேலாயின. 2005இல் அயர்லாந்தில் நடந்த ஐசிசி டிராபி போட்டியில் நான்காம் இடம் பெற்று உலகக்கோப்பைக்குத் தகுதியடைந்த பெர்முடா, மறு ஆண்டில் தன் முதல் ஒருநாள் சர்வதேச ஆட்டத்தில் கனடாவை வென்றது. அரசும் சுமார் 1.1 கோடி டாலரைக் கிரிக்கெட்டுக்கு ஒதுக்கியது. ஆனால் 2007 மார்ச்சில், டிரினிடாட்டின் போர்ட் ஆஃப் ஸ்பெயின் நகரில், இலங்கையின் 321 ஓட்டங்களுக்கு எதிராக அணி 78க்குச் சுருண்டது. இந்தியா குவித்த 413 ஓட்டங்கள், உலகக்கோப்பையில் நானூறைத் தாண்டிய முதல் மொத்தமாயின. அந்த ஆட்டத்தில் பதினேழு வயது மலாக்கி ஜோன்ஸின் முதல் பந்தில் ராபின் உத்தப்பா தட்டியதை, ஸ்லிப்பில் நின்ற பருத்த உடலினரான டுவெய்ன் லெவராக் வலப்புறம் பாய்ந்து ஒற்றைக் கையில் பிடித்தது இன்றும் பேசப்படுகிறது. சிறை வாகன ஓட்டுநராகப் பணியாற்றிவந்த அவரைப் போலவே, அணியில் பலர் வேறு வேலை பார்த்துக்கொண்டு ஆடியவர்கள். இங்கிலாந்தின் கவுன்டி கிரிக்கெட்டில் பழகிய டேவிட் ஹெம்ப் ஆட்டமிழக்காமல் எடுத்த 76 ஓட்டங்கள், முறையான தொழில்முறைப் பயிற்சி எத்தகைய வேறுபாட்டை உண்டாக்கும் என்பதற்குச் சான்றாயின.

2009இல் தென்னாப்பிரிக்காவில் நடந்த தகுதிச்சுற்றில் பின்தங்கிய பெர்முடா, ஒருநாள் சர்வதேச ஆட்டங்களுக்குரிய தகுதியை இழந்து கீழ்நிலைப் பிரிவுகளுக்கு இறங்கியது. 2019இல் டி20 உலகக்கோப்பைக்கான உலகளாவிய தகுதிச்சுற்றை எட்டியும் அதைக் கடக்க இயலவில்லை. ஆட்டக்காரர் தொகை குறைவு, இளைஞர் கால்பந்தின் பக்கம் சாய்ந்தமை, உயர்கல்விக்காகத் தீவை விட்டு வெளியேறுதல் ஆகியவை இச்சரிவுக்குக் காரணங்களாகும். இவற்றோடு, அங்கு ஓர் ஆட்டக்காரர் அடையக்கூடிய பெரும்புகழ் தேசிய அணியில் அல்லாமல் கப் மேட்ச்சில்தான் கிடைக்கிறது என்பதும் கருதத்தக்கது. அயல்நாட்டு மைதானத்தில் பார்வையாளர் சிலருக்கு முன் அடிக்கும் சதத்தைவிட, ஆகஸ்ட் தொடக்கத்தில் உற்றார் உறவினர் அனைவரும் சூழ்ந்திருக்க எடுக்கும் அரைச்சதம் ஒருவரின் பெயரைத் தீவில் நெடுங்காலம் நிலைநிறுத்துகிறது.

இதைக் குறையென்று கூறுவது எளிது. ஆயினும், அடிமைகளின் வழித்தோன்றல்கள் ஆள்வோரின் ஆட்டத்தைத் தமதாக்கி, அதைக் கொண்டே இரண்டு விடுமுறை நாட்களை வென்றெடுத்து, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் காத்துவருவது எந்தத் தரவரிசையாலும் அளக்கத்தக்க செயலன்று. உலகக்கோப்பைக்குச் சென்ற அணி இந்த விழா வளர்த்தெடுத்த பல பயன்களுள் ஒன்று. அந்த அணி மீண்டும் எழுமாயின், அதற்கு வேண்டிய ஆட்டக்காரர்களையும் ஆர்வத்தையும் தரக்கூடிய வலிமை அவ்விழாவிடமே இருக்கிறது.