டமாஸ்கஸ் குழல்

குழல்வாய் வழியே கருமருந்து கெட்டித்துச் சுடும் நாட்டுத் துப்பாக்கிகள் கல்வராயன் மலையில் பிடிபடும் செய்தி கள்ளக்குறிச்சிக்குப் பழகியது. பழந்துப்பாக்கி எதன் குழலிலாவது நெளிநெளியாய் வரி தெரிந்தால் ‘டமாஸ்கஸ் எஃகு’ என்றுவிடுகிறார்கள். பெயர் பொருந்தவில்லை.

டமாஸ்கஸ் வாளுக்குப் பேர் வாங்கித் தந்தது தென்னாட்டு மூசையில் உருக்கிய எஃகு. கன்னடர் அதை ‘உக்கு’ என்றனர். ஆங்கிலேயர் வாயில் ‘வூட்ஸ்’ ஆனது. தமிழில் ‘உருக்கு’, உருகுவதிலிருந்து வந்த சொல். ‘எஃகு’ சங்க காலத்தில் வேல் என்ற ஆயுதத்தையும் குறித்தது.

துப்பாக்கிக் குழலின் கதையே வேறு. இரும்பையும் எஃகையும் சேர்த்து முறுக்கிய பட்டைகளைத் தண்டில் சுற்றி, பழுக்கக் காய்ச்சி, அடித்து ஒட்டினார்கள். நல்ல வேலைப்பாடு கருமருந்துக்குத் தாங்கும். ஒட்டுக்குள் கசடோ துருவோ மறைந்திருந்தால், புகையற்ற மருந்தின் அழுத்தத்தில் பிளந்துவிடலாம். ‘முறுக்குக் குழல்’ என்றே அழைக்கலாம்; ஒட்டுப்போட்டது என்பதாவது பிடிப்பவருக்குத் தெரியும்.