ஒரு குப்பி எச்சிலும் 1870 சுவரும்

அமெரிக்காவில் கறுப்பினக் குடும்பம் ஒன்றின் வம்ச வரலாற்றைத் தேடிப் போகிறவர்கள் அநேகமாக எல்லோருமே ஒரு வருடத்தில் போய் முட்டிக்கொண்டு நிற்பார்கள். அந்த வருடம் 1870. '1870 சுவர்' என்றே இதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் தாத்தா, கொள்ளுத்தாத்தா எல்லோருக்கும் பெயர், வயது, தொழில், ஊர் இருக்கும். அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால் பெரும்பாலும் ஒன்றுமே இருக்காது.

காரணம் எளிமையானது. அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1865 டிசம்பரில், 13-வது சட்டத் திருத்தத்தால். அதற்குப் பிறகு எடுத்த முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1870-இல். முன்பு அடிமைகளாக இருந்தவர்களின் பெயர்கள் முதன்முதலாக வரிசையாக எழுதப்பட்டது அதில்தான். 1850-லும் 1860-லும் அடிமைகளுக்கென்று தனிப் பட்டியல் ஒன்று போட்டார்கள். மேலே முதலாளியின் பெயர். அதன் கீழே அடிமை ஒருவருக்கு ஒரு வரி: வயது, ஆணா பெண்ணா, நிறம். பெயர் எழுதும் வழக்கமே இல்லை. 1860-இல் இப்படி இருந்தவர்கள் ஏறத்தாழ 40 லட்சம் பேர்!

வணிகவியல் படிக்கிற எனக்கு இதில் உறுத்துகிற விஷயம் ஒன்று உண்டு. இவர்கள் கணக்கில் வராதவர்கள் இல்லை. சொல்லப்போனால் கணக்கில் மட்டுமே வந்தவர்கள். முதலாளி இறந்துபோனால் அவருடைய சொத்துப் பட்டியல் தயாராகும். குதிரை இத்தனை டாலர், கலப்பை இத்தனை டாலர், கட்டில் இத்தனை டாலர், அடுத்த வரியில் ஒரு மனுஷி, அவளுக்கு எதிரே ஒரு தொகை. சில பட்டியல்களில் முதல் பெயர் மட்டும் இருக்கும். அப்பா பெயர், குடும்பப் பெயர் எதுவும் இருக்காது. குதிரைக்கு யார் அப்பா பெயர் எழுதுவார்கள்? கடனுக்கு அடமானம் வைக்கவும் வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுக்கவும் எழுதிய கணக்கு அது.

நம் பாடத்தில் சொத்து என்றால் என்னவென்று இலக்கணம் சொல்லிக் கொடுக்கிறார்கள். அந்த இலக்கணத்துக்குள் மனிதர்களை வைத்துக் கணக்கு எழுதிய காலம் ஒன்று இருந்தது. காகிதம் முடிந்துபோகிற அந்த இடத்தில்தான் டி.என்.ஏ. சோதனை உள்ளே வருகிறது.

எச்சில் எப்படி வரலாறு சொல்கிறது?

அஞ்சலில் ஒரு சின்னப் பெட்டி வரும். உள்ளே இருக்கும் குப்பியில் எச்சிலைத் துப்பி (சில நிறுவனங்களுக்குக் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்து) திருப்பி அனுப்ப வேண்டும். நம் உடம்பின் மரபுக் குறியீடு சுமார் 300 கோடி எழுத்துகள் நீளம். அதை முழுவதும் படிக்க மாட்டார்கள். மனிதருக்கு மனிதர் மாறக்கூடிய சில லட்சம் இடங்களை மட்டும் பார்த்து, இரண்டு விதமான பதில் தருவார்கள்.

முதல் பதில், விளம்பரங்களில் வருகிற சதவீதக் கணக்கு. இத்தனை சதவீதம் நைஜீரியா, இத்தனை சதவீதம் அயர்லாந்து என்று. இதை அப்படியே நம்பிவிடக் கூடாது. இன்று அந்தந்த ஊர்களில் வேர் உள்ளவர்களின் மாதிரிகளோடு ஒப்பிட்டுப் போடுகிற மதிப்பீடுதான் இது. ஒப்பிடும் மாதிரிகள் மாறினால் சதவீதமும் மாறும். ஒரே ஆளுக்கு இரண்டு நிறுவனங்கள் இரண்டு விடை தரலாம். இன்னொன்று, நைஜீரியா என்ற நிலப்பரப்பை ஆங்கிலேயர்கள் ஒன்றாக இணைத்ததே 1914-இல்தான். 1750-இல் கப்பலில் ஏற்றப்பட்ட ஒருவரிடம் நீங்கள் நைஜீரியரா என்று கேட்டிருந்தால் அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

இரண்டாவது பதில்தான் வரலாற்றுக்கு உதவுவது. அதுதான் உறவினர் பட்டியல். ஒரே மூதாதையரிடமிருந்து வந்த இருவரிடம் டி.என்.ஏ.வின் சில துண்டுகள் அப்படியே ஒன்றாக இருக்கும். பெரியப்பா பிள்ளைகள், மாமா பிள்ளைகள் என்றால் சராசரியாக எட்டில் ஒரு பங்கு. உறவு தூரமாகப் போகப் போக இந்தப் பங்கு குறையும். ஆகவே நீங்கள் மட்டும் எச்சில் கொடுத்துப் பயனில்லை. உங்கள் உறவுக்காரர் எவராவது எங்கேயாவது கொடுத்திருக்க வேண்டும். சேர்ந்தவர்கள் எவ்வளவு அதிகமோ, கிடைக்கும் சொந்தமும் அவ்வளவு அதிகம்.

இவை தவிர ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்கும், மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. அம்மாவிடமிருந்து பிள்ளைகளுக்கும் ஏறக்குறைய மாறாமல் போகும். 2000-இல் ஹூஸ்டனில் 'ஃபேமிலி ட்ரீ டி.என்.ஏ.' என்ற நிறுவனம் பொதுமக்களுக்கு விற்க ஆரம்பித்தது இந்தச் சோதனைகளைத்தான். 2003-இல் ரிக் கிட்டில்ஸ், ஜீனா பெய்ஜ் இருவரும் 'ஆஃப்ரிக்கன் ஆன்செஸ்ட்ரி' என்ற நிறுவனத்தைக் கறுப்பின மக்களுக்கென்றே தொடங்கினார்கள். ஆனால் பத்துத் தலைமுறை பின்னால் போனால் ஒருவருக்கு 1,024 முன்னோர் இடங்கள் வரும். இந்த இரண்டு சோதனைகளும் அதில் ஆளுக்கு ஒருவரை மட்டுமே காட்டும். மிச்சம் ஆயிரத்துச் சொச்சம் பேர்?

ஜெஃபர்சனின் பண்ணைக் கணக்கு

டி.என்.ஏ. மட்டும் தனியாக வரலாறு சொல்லிவிடாது என்பதற்கு நல்ல உதாரணம் தாமஸ் ஜெஃபர்சன். அமெரிக்காவின் மூன்றாவது ஜனாதிபதி. 'எல்லா மனிதர்களும் சமம்' என்று சுதந்திரப் பிரகடனத்தில் எழுதியவர். மான்டிசெல்லோவில் இருந்த அவருடைய பண்ணையில் சாலி ஹெமிங்ஸ் என்ற அடிமைப் பெண் இருந்தார். அவருடைய பிள்ளைகளுக்கு அப்பா ஜெஃபர்சன்தான் என்று 1802-லேயே ஜேம்ஸ் காலண்டர் என்ற பத்திரிகையாளர் எழுதினார். 1873-இல் சாலியின் மகன் மேடிசன் ஹெமிங்ஸ் ஒஹையோ பத்திரிகை ஒன்றில் தானே அதைச் சொன்னார். வரலாற்றாசிரியர்கள் பலர் நூறு வருடத்துக்கும் மேலாக அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சொன்னவர் அடிமையாகப் பிறந்தவர், அவ்வளவுதான். 1997-இல் அனெட் கோர்டன்-ரீட் எழுதிய புத்தகம் அந்தச் சாட்சியங்களை மறுபடியும் மேஜைக்குக் கொண்டுவந்தது.

1998-இல் யூஜீன் ஃபாஸ்டர் என்ற ஓய்வுபெற்ற நோயியல் மருத்துவரின் குழு டி.என்.ஏ. சோதனை நடத்தி 'நேச்சர்' இதழில் முடிவை வெளியிட்டது. (வீட்டுச் சோதனை இல்லை, ரத்தம் எடுத்துச் செய்தது.) ஜெஃபர்சனுக்குப் பிழைத்து வளர்ந்த, திருமணத்தில் பிறந்த மகன் இல்லை. அதனால் அவருடைய சித்தப்பா பெரியப்பா வழி ஆண் வாரிசுகளின் ஒய் குரோமோசோமை எடுத்தார்கள். அது சாலியின் கடைசி மகன் எஸ்டனின் வழி வந்த ஒருவரோடு பொருந்தியது!

இத்தோடு கதை முடிந்ததா? இல்லை. அதே ஒய் குரோமோசோம் ஜெஃபர்சனின் தம்பிக்கும் உண்டே! எந்த ஜெஃபர்சன் என்று டி.என்.ஏ. சொல்லாது. அந்த இடத்தில் காகிதம் கை கொடுத்தது. ஜெஃபர்சன் தன் 'பண்ணைப் புத்தக'த்தில் அடிமைகளின் பிறப்புகளைத் தேதியோடு எழுதி வைத்திருந்தார். சாலியின் ஒவ்வொரு குழந்தையும் கருவான சமயத்தில் அவர் மான்டிசெல்லோவில் இருந்தார் என்று பதிவுகள் காட்டின. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, 2000-இல் மான்டிசெல்லோவை நடத்தும் அறக்கட்டளையே அவர்தான் தந்தை என்பதற்கு வாய்ப்பு மிக அதிகம் என்று சொல்லிவிட்டது. சொத்தாக எழுதி வைத்த கணக்கு, கடைசியில் முதலாளிக்கு எதிராகவே சாட்சி சொன்னது.

கடாக்டினில் 27 பேர்

ஜெஃபர்சன் பிரபலம், அவரைப் பற்றிக் காகிதம் மலையளவு இருக்கிறது. காகிதமே இல்லாதவர்களுக்கு?

மேரிலாந்து மாநிலத்தில் ஃப்ரெடரிக் கவுண்டியில் கடாக்டின் ஃபர்னஸ் என்று ஓர் இடம். 18-ஆம் நூற்றாண்டில் அங்கே இரும்பு உருக்கும் உலை தொடங்கியவர்கள் ஜான்சன் சகோதரர்கள். அவர்களில் ஒருவரான தாமஸ் ஜான்சன்தான் மேரிலாந்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் ஆளுநர். சுதந்திரப் போருக்கு இங்கிருந்து குண்டுகள் போயின. உலையில் வேலை செய்தவர்களில் பலர் கறுப்பின அடிமைகள். 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் அவர்களின் இடத்துக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த கூலித் தொழிலாளர்கள் வந்துவிட்டார்கள். பழையவர்கள் எங்கே போனார்கள், யாருக்கு விற்கப்பட்டார்கள் என்பதற்குச் சரியான பதிவு இல்லை.

1979-80இல் நெடுஞ்சாலை வேலைக்காகத் தோண்டியபோது அவர்களுடைய இடுகாட்டின் ஒரு பகுதி வெளிப்பட்டது. எலும்புகள் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போயின. நாற்பது வருடம் கழித்து அவர்களில் 27 பேரின் டி.என்.ஏ.வைப் படித்தார்கள். அதை 'ட்வென்டித்ரீ அண்ட் மீ' நிறுவனத்துக்கு எச்சில் கொடுத்து, ஆராய்ச்சிக்குச் சம்மதமும் தந்திருந்த 92 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களோடு ஒப்பிட்டார்கள். முடிவு 2023 ஆகஸ்டில் 'சயின்ஸ்' இதழில் வந்தது.

27 பேருக்கும் சேர்த்துக் கிடைத்த உறவுகள் 41,799 பேர். அதில் நெருங்கிய உறவு என்று சொல்லத் தக்கவர்கள் மட்டும் சுமார் 3,000 பேர். (41,799 பேரும் நேரடி வாரிசுகள் இல்லை. பெரும்பாலோர் அந்த 27 பேரின் முன்னோர்கள் வழியாக வருகிற தூரத்துச் சொந்தம்.) நெருங்கிய உறவினர்களின் விகிதம் மேரிலாந்தில் அதிகமாக இருந்தது. அதாவது எல்லோரும் சிதறிப் போய்விடவில்லை, ஒரு பகுதியினர் அந்த வட்டாரத்திலேயே இருந்திருக்கிறார்கள். அவர்களின் ஆப்பிரிக்க வேர்கள் செனகல், காம்பியா பக்கத்து வோலோஃப், மண்டிங்கா மக்களிடமும், மேற்கு மத்திய ஆப்பிரிக்காவின் கொங்கோ மக்களிடமும் போய்ச் சேர்ந்தன. பலரிடம் பிரிட்டன், அயர்லாந்து வேர்களும் இருந்தன. அவை எப்படி வந்திருக்கும் என்பதை ஜெஃபர்சன் கதை படித்த பிறகு விளக்கத் தேவையில்லை.

என்னை அதிகம் பாதித்த தகவல் வேறு. இடுகாட்டிலேயே ஐந்து குடும்பங்கள் அடையாளம் தெரிந்தன. அம்மாவும் பிள்ளைகளும், உடன்பிறந்தவர்களும் பக்கத்தில் பக்கத்தில். முதலாளியின் கணக்குக்கு அவர்கள் தனித்தனி வரிகள். புதைத்தவர்களுக்கு மட்டும் யார் யாருக்குச் சொந்தம் என்று தெரிந்திருந்தது.

மறுபடியும் சொத்துப் பட்டியலில்

இப்போது என் பாடத்துக்கு வருகிறேன் :-)

ட்வென்டித்ரீ அண்ட் மீ தொடங்கியது 2006-இல். நம் உடம்பில் 23 ஜோடி குரோமோசோம்கள் இருப்பதால் அந்தப் பெயர். 2007-இல் பெட்டியின் விலை 999 டாலர். 2012-இல் 99 டாலர். விலை இறங்க இறங்கக் கூட்டம் சேர்ந்தது. சுமார் ஒன்றரைக் கோடிப் பேர். 2021-இல் பங்குச் சந்தைக்கு வந்தபோது மதிப்பு சுமார் 350 கோடி டாலர்.

ஆனால் அந்த வியாபாரத்தில் ஓர் அடிப்படை ஓட்டை இருந்தது. எச்சில் ஒருமுறை கொடுத்தால் போதும். ஒருமுறை வாங்கிய வாடிக்கையாளர் மறுபடி எதற்கு வரவேண்டும்? 2023-இல் சுமார் 69 லட்சம் பேருடைய விவரங்கள் திருடு போயின. 2025 மார்ச்சில் நிறுவனம் திவால் மனு போட்டது.

திவாலான நிறுவனத்தை ஏலம் விடும்போது என்ன செய்வார்கள்? சொத்துகளைப் பட்டியல் போடுவார்கள். அந்த நிறுவனத்திடம் இருந்த மதிப்புள்ள பெரிய சொத்து ஒன்றே ஒன்று, ஒன்றரைக் கோடிப் பேரின் மரபுத் தகவல். 2025 மே மாதம் ரீஜெனரான் என்ற மருந்து நிறுவனம் 25.6 கோடி டாலருக்குக் கேட்டது. கடைசியில் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஆன் வோஜ்சிக்கியின் லாப நோக்கமற்ற அமைப்பு 30.5 கோடி டாலருக்கு ஜூலையில் வாங்கிக்கொண்டது. இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் ஒவ்வொருவரின் சம்மதம் இல்லாமல் இதை விற்கக் கூடாது என்று வழக்குப் போட்டிருந்தன. சுமார் 19 லட்சம் பேர் தங்கள் தகவலை அழிக்கச் சொன்னார்கள்.

இரண்டும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. அடிமைச் சந்தையில் விற்றது மனிதரை. இங்கே விற்றது மனிதரைப் பற்றிய தகவலை, அதுவும் அவர்களே விரும்பிக் கொடுத்ததை. இந்த வித்தியாசம் மிகப் பெரியது. ஆனாலும் சொத்துப் பட்டியலில் ஒரு வரியாக நின்ற முன்னோரைத் தேடிக் கண்டுபிடிக்க எந்தத் தகவலைக் கொடுத்தார்களோ, அந்தத் தகவலே இன்னொரு சொத்துப் பட்டியலில் ஒரு வரியாகப் போய் நின்றது. இதை வெறும் வியாபாரச் செய்தியாகப் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்ட என்னால் முடியவில்லை.

இதில் சம்மதமும் அவ்வளவு நேரானது இல்லை. 2018-இல் கலிஃபோர்னியாவில் 'கோல்டன் ஸ்டேட் கில்லர்' பிடிபட்டது அவன் எச்சில் கொடுத்ததால் அல்ல, அவனுடைய தூரத்துச் சொந்தக்காரர்கள் தங்கள் டி.என்.ஏ. தகவலை ஏற்றி வைத்திருந்ததால். கொலைகாரன் பிடிபட்டது நல்லதுதான். ஆனால் ஒருவர் கொடுப்பது ஒருவருடையது மட்டும் இல்லை என்பது அன்றைக்கு எல்லோருக்கும் புரிந்தது. அண்ணன் கையெழுத்துப் போட்டால் தம்பியின் பாதியும் சேர்ந்தே போகிறது.

அப்படியானால் இந்தச் சோதனையே வேண்டாமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடாக்டினில் கிடைத்த உறவுகளை வேறு எந்த வழியிலும் கண்டுபிடித்திருக்க முடியாது. காகிதம் எழுதும் அதிகாரம் யாரிடம் இருந்ததோ அவர்களுடைய வரலாறுதான் காகிதத்தில் இருக்கும். மற்றவர்களுக்கு உடம்பு ஒன்றுதான் ஆவணம். அந்த ஆவணத்தை ஒரு தனியார் நிறுவனத்தின் லாப நஷ்டத்தை நம்பி விட்டுவைக்கலாமா என்பதுதான் என் கேள்வி. கோவில் கல்வெட்டையும் கணக்கெடுப்புப் பதிவேட்டையும் யாரும் ஏலம் விடுவதில்லை. 41,799 பேரின் சொந்தத்தைச் சொல்கிற பதிவேடு மட்டும் ஏன் ஏலத்துக்கு வரவேண்டும்?

குப்பியை அஞ்சலில் போடுவதற்கு முன் விதிமுறைகளைப் படிக்கிறவர்கள் ஒரு வரியைத் தேடிப் படியுங்கள். நிறுவனம் கைமாறினால் தகவல் என்ன ஆகும் என்று சொல்கிற வரி. அதற்கும் முன்னால், வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களிடம் கேட்டு நாலு பெயர்களை எழுதி வையுங்கள். எச்சில் காத்திருக்கும், அவர்களுடைய ஞாபகம் காத்திருக்காது.