தன்னார்வலர் (சொல்)

தன்னார்வலர் என்பவர் பிறருடைய கட்டாயமின்றி, ஊதியத்தை முதன்மை நோக்கமாகக் கொள்ளாமல், தம் விருப்பத்தால் ஒரு பணியை ஏற்றுச் செய்பவர் ஆவார். தொண்டர், தன்னார்வத் தொண்டர், தொண்டூழியர் ஆகிய சொற்களும் இப்பொருளில் வழங்குகின்றன. வாலண்டியர் என்ற ஆங்கிலச் சொல்லும் பேச்சுவழக்கில் உண்டு. இவற்றுள் பழமையானதாகிய தொண்டர் என்பது, தொடக்கத்தில் விருப்பத்தைக் குறித்த சொல் அன்று.

தொண்டு

தொண்டு என்பதற்கு அடிமைத்தன்மை, பணிவிடை என்பன பழைய பொருள்கள். (தொல்காப்பியத்தில் ஒன்பது என்னும் எண்ணைக் குறிக்கும் தொண்டு வேறு சொல்.) அடிமை என்ற பொருளைத் தெளிவாகக் காட்டும் கதை விழுப்புரம் மாவட்டத்துத் திருவெண்ணெய்நல்லூரில் நிகழ்ந்ததாகப் பெரியபுராணம் கூறுகிறது. சுந்தரரின் திருமணத்தன்று முதியவர் ஒருவர் வந்து, சுந்தரரின் பாட்டனார் தாமும் தம் வழியினரும் அடிமை என எழுதித் தந்ததாக ஓர் ஓலையைக் காட்டி வழக்கிட்டார். திருவெண்ணெய்நல்லூர் அவையினர் பாட்டனாரின் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்து, சுந்தரர் அடிமையே எனத் தீர்ப்பளித்தனர். வந்தவர் சிவபெருமான் என்பது பின்னர் தெரிந்தது. வாதாடி வன்சொல் கூறியதால் சுந்தரருக்கு வன்றொண்டர் என்ற பெயர் ஏற்பட்டது.

ஓலையால் அடிமைப்பட்ட இவரே பிற்காலத்தில் அடியார்களைப் போற்றித் திருத்தொண்டத்தொகை பாடினார். 12-ஆம் நூற்றாண்டில் அதனை விரித்துச் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தின் இயற்பெயரும் திருத்தொண்டர் புராணம் என்பதே. வைணவத்திலும் தொண்டரடிப்பொடியாழ்வார் உள்ளார். இறைவனுக்கு அடிமையாதல் பெருமை என்ற கருத்து வலுப்பெற்றபோது, தொண்டு இழிவு நீங்கி உயர்ந்த சொல்லாயிற்று. திருநாவுக்கரசர் உழவாரம் என்னும் கருவியால் கோயில் வளாகங்களில் புல் செதுக்கியது இதற்குச் செயல்வடிவம் எனலாம். இன்றும் கோயில்களைத் துப்புரவு செய்யும் குழுக்கள் தம் பணியை உழவாரப் பணி என்றே அழைக்கின்றன.

வெட்டி

ஊதியமில்லாத உழைப்பெல்லாம் தொண்டு ஆகிவிடாது. விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில் வழங்கும் பிரம்மதேசம் என்ற ஊர்ப்பெயர், அந்தணர்க்குக் கொடையாக அளிக்கப்பட்ட பிரமதேய நிலங்களை நினைவூட்டுவது. அத்தகைய நிலக்கொடைகள் மிகுந்திருந்த சோழர் காலத்தின் கல்வெட்டுகளில் வெட்டி என்ற சொல் பலமுறை வருகிறது. கூலியின்றிச் செய்தே தீரவேண்டிய கட்டாய உழைப்பு அது. கூலி இல்லை என்பதில் இரண்டும் ஒன்றே. மறுக்கும் உரிமை உண்டா என்பதில்தான் வேறுபாடு. இன்று வெட்டி வேலை என்பது பயனற்ற வேலையைக் குறிக்கிறது.

ஆங்கிலச் சொல்

வாலண்டியர் என்பது விருப்பம் எனப் பொருள்படும் வொலுண்டாஸ் என்ற இலத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. 17-ஆம் நூற்றாண்டளவில் இது கட்டாயமின்றிப் படையில் சேர்ந்தவரைக் குறித்தது. பொதுப்பணி செய்பவர் என்ற பொருள் அதன்பின் பரவியது. சென்னையில் 1857-இல் அமைக்கப்பட்ட மதராஸ் வாலண்டியர் கார்ட்ஸ் படையின் பெயரில் பழைய பொருளைக் காணலாம்.

விடுதலை இயக்கத்தின்போது இச்சொல்லுக்கு ஈடாகத் தொண்டர் என்பதே பெருவழக்காயிற்று. 1930 ஏப்ரலில் இராஜாஜி தலைமையில் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரணியத்திற்கு நடந்து சென்று உப்பெடுத்த ஏறத்தாழ நூறு பேரும் தொண்டர்கள் எனப்பட்டனர். பின்னர் அரசியல் கட்சிகளின் உறுப்பினர் அனைவரும் தொண்டர் ஆனதால், கட்சி சாராத பணியாளர்க்கு வேறொரு சொல் தேவைப்பட்டது.

தன்னார்வலர்

தன் + ஆர்வலர் என்பதே இச்சொல். ஆர்வலர் என்பது புதிது அன்று. திருக்குறளில் அன்புடைமை அதிகாரத்தின் முதற்குறளில் அன்புடையவர் என்ற பொருளில் வருகிறது. தன்னார்வத் தொண்டு என்ற தொடரைப் பழைய பொருளில் பிரித்தால் 'தானே விரும்பிய அடிமைத்தனம்' என்றாகும். சுந்தரர் கதையை அறிந்தவர்க்கு இது முரணாகத் தோன்றாது.

சிங்கப்பூரில் தொண்டூழியர் என்பது வழக்கு. இலங்கையில் ஊர் கூடி உழைப்பதைச் சிரமதானம் என்கின்றனர்.

ஊதியமும் சொல்லும்

இந்தியாவில் 1969-இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் மாணவர்களைத் தன்னார்வப் பணிக்கு ஈர்த்தது. கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டதால் நேர்ந்த கற்றல் இழப்பை ஈடுசெய்ய, தமிழ்நாடு அரசு இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தை 2021 அக்டோபர் 27 அன்று, திண்டிவனத்திற்குக் கிழக்கேயுள்ள மரக்காணம் பகுதியில், முதலியார்குப்பத்தில் தொடங்கியது. இதில் மாலை வகுப்பு நடத்தியவர்கள் தன்னார்வலர் எனப்பட்டனர். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை வழங்கப்பட்டது. ஊதியம், ஊக்கத்தொகை என்ற இரண்டிற்கும் இடையிலுள்ள கோடு மெல்லியது. ஊழியர் எனில் பணிப் பாதுகாப்பு கோரலாம். தன்னார்வலர் எனில் அந்த உரிமை எழுவது அரிது.

இச்சிக்கல் இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் கூர்மையாக வெளிப்பட்டது. ஆசிரியர் பற்றாக்குறை நிலவிய பள்ளிகளில் ஊதியமின்றியோ சிறுதொகைக்கோ பல ஆண்டுகள் கற்பித்தவர்கள் தொண்டராசிரியர் எனப்பட்டனர். அவர்கள் நிரந்தர நியமனம் கோரிப் பலமுறை போராட வேண்டியிருந்தது.