பெட்டி நம்மது, சாவி யாருது?

ராயகிரியில் என் மாமா ஒரு சின்னப் பள்ளிக்கூடம் நடத்துகிறார். ஆபீஸ், ஹாஸ்டல், சமையல்கட்டு, வாட்ச்மேன் கூண்டு என்று இருபது இடத்துக்கு இன்டர்காம் வேண்டியிருந்தது. புதுசு வாங்கக் கட்டுப்படியாகாது என்று சென்னை ரிச்சி தெருவில் ஒரு பழைய இ.பி.ஏ.பி.எக்ஸ். பெட்டியைப் பிடித்துவிட்டார். ஏதோ ஒரு அலுவலகத்தைக் காலி பண்ணும்போது வந்த சரக்கு. "8 லைன், 24 எக்ஸ்டென்ஷன்" என்று விற்றவர் சொன்னதில் பொய் இல்லை, அதற்கான கார்டுகள் எல்லாம் உள்ளே இருந்தன. "மாப்ளே, நீ கம்ப்யூட்டர்காரன்தான, லீவுக்கு வரும்போது மாட்டிக் குடு" என்றார்.

மாட்டுவது பெரிய வித்தை இல்லை. ஒவ்வொரு போனுக்கும் ஒரு ஜோடி செம்புக் கம்பி. எல்லா ஜோடியையும் ஒரு குரோன் பிளாக்கில் கொண்டுவந்து அழுத்த வேண்டும். பெட்டி ஒவ்வொரு ஜோடியிலும் 48 வோல்ட் டி.சி. கொடுக்கும், மணி அடிக்க மட்டும் 75 வோல்ட் அளவுக்கு ஏ.சி. அனுப்பும். மலையடிவாரம் என்பதால் எர்த்தும் இடிதாங்கும் ஃப்யூஸும் ஒழுங்காக இருக்கணும். இல்லாவிட்டால் ஐப்பசி மழையில் விழும் முதல் இடியிலேயே கார்டு போய்விடும். ஒன்றரை நாளில் வேலை முடிந்தது.

சுவிட்சைப் போட்டோம். எட்டு போனில் டயல் டோன் வந்தது. ஒன்பதாவதிலிருந்து மௌனம்.

கம்பியைச் சோதித்தேன், கார்டை மாற்றிப் போட்டேன். கடைசியில் லேப்டாப்பை இணைத்து உள்ளே போய்ப் பார்த்தால் விஷயம் வேறு. இந்தப் பெட்டிக்கு எட்டு எக்ஸ்டென்ஷனுக்கு மேல் உரிமம் இல்லை. மீதி 16-க்கான உரிமம் பழைய முதலாளி பெயரில், வேறொரு சீரியல் எண்ணோடு பூட்டப்பட்டிருக்கிறது. தயாரித்த கம்பெனியைக் கேட்டால் (பெயர் வேண்டாம்), அந்த மாடலுக்கு உரிமம் கொடுப்பதை நிறுத்தியாச்சு, புதுசு வாங்கிக்கோங்க என்று பதில்.

மாமா கேட்டார்: "காசு குடுத்து வாங்கின பொருள்ல பேசறதுக்கு எவன்ட்டல அனுமதி கேக்கணும்?"

நியாயமான கேள்வி. இந்தியாவில் இதற்கு 140 வருஷத்துக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது என்பது அப்புறம் தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது.

1880-ல் இரண்டு ஆங்கிலேயக் கம்பெனிகள் இங்கே டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் அமைக்க அனுமதி கேட்டன. டெலிபோன் அரசின் ஏகபோகம், நாங்களே செய்வோம் என்று அரசு மறுத்தது. மறு வருஷமே மனசு மாறி, ஓரியண்டல் டெலிபோன் கம்பெனிக்கு உரிமம் கொடுத்தது. சென்னைக்கு எக்ஸ்சேஞ்ச் வந்தது அப்படித்தான், எர்ரபாலு செட்டித் தெருவில். ஆக நம்ம ஊர் டெலிபோன் பிறந்ததே லைசென்ஸோடுதான்.

1885-ல் இந்தியத் தந்திச் சட்டம் வந்தது. அதன் 4-ஆம் பிரிவுதான் மொத்தத்துக்கும் ஆணிவேர். தந்தி அமைக்க, பராமரிக்க, இயக்க அரசுக்கு மட்டுமே உரிமை, மற்றவர்கள் உரிமம் வாங்கித்தான் செய்யணும். "தந்தி" என்ற சொல்லுக்குள் டெலிபோனும் அடக்கம். 1943-ல் பம்பாய், கல்கத்தா, சென்னை டெலிபோன் கம்பெனிகளையே அரசு எடுத்துக்கொண்டது. தபால் தந்தித் துறைக் காலத்தில் வீட்டில் இருந்த போன் நம்முடையது அல்ல, துறையுடையது. மாடியில் இன்னொரு போன் வைக்கவும் விண்ணப்பம், அதற்குத் தனி வாடகை.

இது இந்தியாவின் தனிக்குணம் இல்லை. அமெரிக்காவிலும் ஏ.டி. அண்ட் டி. நிறுவனத்தின் லைனில் வேறு யாருடைய கருவியையும் சேர்க்கக் கூடாது என்ற விதி இருந்தது. டெக்சாஸ்காரர் தாமஸ் கார்ட்டர், வாக்கிடாக்கி மாதிரியான ரேடியோவை டெலிபோனோடு இணைக்கும் கார்ட்டர்ஃபோன் என்ற கருவியை விற்றார், கம்பெனி தடுத்தது, வழக்கு நடந்தது. 1968-ல் அங்குள்ள தொலைத்தொடர்பு ஆணையம், நெட்வொர்க்குக்குக் கெடுதல் செய்யாத எதையும் இணைக்கலாம் என்று முடிவு சொன்னது. ஃபேக்ஸ், ஆன்சரிங் மெஷின், மோடம் எல்லாம் கடைச்சரக்காக மாறியதில் இந்தத் தீர்ப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

நம்மிடம் கதவு திறந்தது 1984-ல். போன், இ.பி.ஏ.பி.எக்ஸ். மாதிரியான கருவிகளைத் தனியாரும் தயாரிக்கலாம் என்று அரசு விட்டுக்கொடுத்தது. அதே வருஷம் ஆகஸ்டில் சி-டாட் தொடங்கியது. சாம் பிட்ரோடா முன்னின்று நடத்த, 36 கோடி ரூபாய், 36 மாதம் என்று கணக்கு. 128 லைன் கிராமத்து எக்ஸ்சேஞ்ச் ஒன்று, அலுவலகங்களுக்கான 128 லைன் பெட்டி ஒன்று என்று வடிவமைத்தார்கள். ஏ.சி. அறை இல்லாமலே ஓடும் அந்த எக்ஸ்சேஞ்ச் 1986 ஜூலையில் கர்நாடகத்தின் கித்தூரில் வேலை செய்யத் தொடங்கியது. வடிவமைப்பைத் தன்னிடமே பூட்டி வைக்காமல் சுமார் 40 கம்பெனிகளுக்கு சி-டாட் உரிமம் கொடுத்தது.

இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிக்கணும். இந்த உரிமம் தயாரிப்பவருக்கு, வாங்குகிறவருக்கு அல்ல. அந்தக் காலப் பெட்டிகளில் எத்தனை லைன் என்பதை கார்டுதான் தீர்மானித்தது. கார்டு செருகினால் லைன் கிடைக்கும், பெட்டி கைமாறினால் லைனும் சேர்ந்தே கைமாறும்.

அப்புறம் பெட்டிக்குள் மென்பொருள் பெரிதானது. நான் அந்தத் துறைக்காரன் என்பதால் குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு! 24 லைனுக்கு ஒரு பெட்டி, எட்டு லைனுக்கு ஒரு பெட்டி என்று தனித்தனியாகச் செய்வதைவிட, ஒரே பெட்டியைச் செய்து, காசுக்கேற்ற அளவு திறந்துவிடுவது கம்பெனிக்கு லாபம். அரசு விட்ட பூட்டைக் கம்பெனி எடுத்து மாட்டிக்கொண்டது.

சட்டம் என்ன சொல்கிறது? 2004-ல் டாடா கன்சல்டன்சி வழக்கில் நம் உச்ச நீதிமன்றம், கடையில் விற்கும் மென்பொருளும் சரக்குதான், விற்பனை வரி உண்டு என்றது. 2012-ல் ஐரோப்பிய நீதிமன்றம் யூஸ்டுசாஃப்ட் வழக்கில், காலவரம்பில்லாமல் விற்ற மென்பொருள் உரிமத்தை வாங்கியவர் மறுவிற்பனை செய்யலாம் என்றது. வரி கட்டும்போது சரக்கு, கைமாறும்போது மட்டும் "உரிமம், மாற்ற முடியாது" என்பது எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை.

இந்தப் பூட்டைச் சுற்றிக்கொண்டு போக ஒரு வழி 1999-லேயே வந்துவிட்டது. அமெரிக்காவில் மார்க் ஸ்பென்சர் என்ற மாணவர் லினக்ஸ் உதவிக்காக ஒரு சின்னக் கம்பெனி ஆரம்பித்தார். பி.பி.எக்ஸ். வாங்கக் காசில்லாததால் அதைத் தானே மென்பொருளாக எழுதினார். அதுதான் ஆஸ்டரிஸ்க். ஜி.பி.எல். உரிமத்தில் வெளியிட்டதால் எத்தனை எக்ஸ்டென்ஷன் என்று அது எண்ணிக் காசு கேட்பதில்லை.

ராயகிரியிலும் அதைத்தான் செய்தோம். பள்ளியில் சும்மா கிடந்த பழைய கம்ப்யூட்டரில் ஆஸ்டரிஸ்க், ஊமையாக இருந்த போன்களுக்கு ஒரு கேட்வே. கம்பி, குரோன் பிளாக், போன் எல்லாம் பழையதே. இப்போது வாட்ச்மேன் கூண்டு வரை மணி அடிக்கிறது.

பூட்டு இல்லை என்பதால் எது வேண்டுமானாலும் செய்யலாம் என்று அர்த்தமில்லை. 1885 சட்டத்தின் இடத்துக்கு 2023-ல் புதுத் தொலைத்தொடர்புச் சட்டம் வந்துவிட்டது. கால் சென்டர்களுக்கான விதிகளை 2020-லும் 2021-லும் நன்றாகத் தளர்த்தினார்கள். ஆனால் இன்டர்நெட்டில் வரும் வெளியாட்கள் கால்களை உள்ளூர் லைனில் இறக்கிவிட்டால் அது சட்டவிரோத எக்ஸ்சேஞ்ச், போலீஸ் வரும். ஒரே வளாகத்துக்குள் இன்டர்காம் என்றால் கவலையில்லை.

பழைய பெட்டி வாங்கப் போகிறவர்களுக்கு: கார்டை எண்ணாதீர்கள். கடையிலேயே ஓடவிட்டு, உரிமப் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அட்மின் பாஸ்வேர்டு கேட்டு வாங்குங்கள். பில்லில் உரிமத்தின் எண்ணிக்கையையும் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அதுவே பதில்.

மாமாவின் பெட்டி இப்போது எட்டு எக்ஸ்டென்ஷனோடு ஹாஸ்டலில் ஓடுகிறது. மீதி 16 லைனுக்கான கார்டுகள் உள்ளேதான் இருக்கின்றன, ஒரு பழுதும் இல்லாமல். "நல்ல மாட்டை வாங்கி வாயக் கட்டி வச்ச மாதிரில இருக்கு" என்று அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் சொல்கிறார்.