மிராசும் மனிதரும்

கரும்புத் தோட்டமும் ஆப்பிரிக்க அடிமையும் கடல் கடந்த நாட்டுச் செய்தி என்றே நாம் படித்துப் பழகிவிட்டோம். ஜான் கிளாட்ஸ்டன் என்னும் லிவர்ப்பூல் வணிகருக்கு டெமராராவிலும் ஜமைக்காவிலும் தோட்டங்கள் இருந்தன. 1833-ஆம் ஆண்டுச் சட்டம் அடிமைமுறையை ஒழித்தபோது, ஆங்கில அரசு உடைமையாளருக்கு ஒதுக்கிய இழப்பீடு 2 கோடி பவுன். அதில் கிளாட்ஸ்டனுக்குக் கிடைத்தது 1 லட்சம் பவுனுக்கும் மேல். அடிமைப்பட்டோர்க்கு ஒரு காசுமில்லை. அவருடைய மகன் வில்லியம் பின்னர் 4 முறை பிரதமரானார். 2023-இல் அக்குடும்பத்தின் வழித்தோன்றல்கள் கயானாவுக்குச் சென்று மன்னிப்புக் கோரினர்.

இனி நம் பக்கம் வருவோம். நான் வாழும் செவ்வாப்பேட்டை இன்று திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தது; முன்னர்ச் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. அந்த ஜில்லாவில் நிலவுரிமைக்கு 'மிராசு' என்று பெயர். அரபு மொழியிலிருந்து வந்த அச்சொல்லின் பொருளே பரம்பரைச் சொத்து என்பதுதான். தமிழில் காணியாட்சி என்பர். தந்தையிடமிருந்து மகனுக்கு நஞ்சையும் புஞ்சையும் இறங்கியதுபோல, அந்நிலத்தில் உழைத்த பறையர் குடும்பங்களும் இறங்கின. நிலம் கைமாறினால் ஆளும் கைமாறினான்.

இவ்வழக்கம் வெள்ளையர் கொண்டுவந்ததன்று. பெரியபுராணத்தில், பாட்டனார் எழுதிக்கொடுத்த ஆளோலையைக் காட்டிப் பேரனாகிய சுந்தரரைத் தம் அடிமையென்று முதியவர் ஒருவர் வழக்காடுகிறாரே! திருவெண்ணெய்நல்லூர் அவையோர் அவ்வோலையை ஆராய்ந்து செல்லுமென்றனர். பாட்டன் எழுத்து பேரனைக் கட்டும் என்பது கேட்போர்க்கு விளங்கிய நீதியாக இருந்ததனாலன்றோ அக்கதை நின்றது? பக்திச் சுவையில் நாம் இதைக் கவனிப்பதில்லை.

1843-ஆம் ஆண்டின் 5-ஆவது சட்டம் இங்கே வந்தது. ஒருவரை அடிமையென உரிமை கொண்டாடினால் நீதிமன்றம் அதனை ஏற்காது. அரசு அலுவலர் எவரும் வரிபாக்கிக்காக அடிமையை விற்கலாகாது. அடிமை ஈட்டிய பொருளை அவன் அடிமையென்னும் காரணத்தால் பறிக்கலாகாது. இழப்பீடு பற்றிய பேச்சே எழவில்லை. மிராசுதாரர் பெரிதாக முறையிடவுமில்லை. காரணம் எளியது என்பது என் கருத்து: அவர்கள் இழந்தது மிகச் சிறிது. நிலம் அவர்களுடையது, கடன் ஓலை அவர்களுடையது, குடிசை நின்ற மண்ணும் அவர்களுடையதே.

இந்தக் கடைசிச் செய்தியை விளங்க எடுத்துக் காட்டியவர் செங்கற்பட்டு ஆட்சியர் டிரெமன்ஹீர். 1891-இல் அவர் எழுதிய அறிக்கையைக் கல்லூரி மாணவர் அவசியம் தேடிப் படிக்கவேண்டும். கூலியை மறுத்துப் பேசினால் மனையை விட்டு வெளியேறு என்பது மிராசுதாரர் கையிலிருந்த ஆயுதம். தரிசு நிலத்தைத் தர்க்காஸ்து மூலம் கேட்கலாமென்றாலோ, அதிலும் மிராசுதாரருக்கே முன்னுரிமை! அடிமை என்ற பெயர் சட்டத்திலிருந்து நீங்கி ஏறத்தாழ 50 ஆண்டுகள் ஆனபின் நிலைமை இது. மேற்கிந்தியத் தோட்டக்காரர் விடுதலைக்கு விலை பெற்றார். நம் மிராசுதாரர் விலை பெறவில்லை, விடுதலையும் தரவில்லை.

அறிக்கையை அதிகாரிகள் பலர் விரும்பவில்லை. ஆயினும் 1892 செப்டம்பர் 30-இல் பிறந்த அரசாணையின் வழியே தாழ்த்தப்பட்டோர்க்கு நிலம் ஒதுக்கும் முறை தொடங்கிற்று. பஞ்சமி நிலம் என்று நாம் கேள்விப்படுவது அதுவே. குறித்த ஆண்டுகள்வரை விற்கலாகாது, பின்னரும் அவ்வகுப்பினர்க்கன்றிப் பிறர்க்கு விற்கலாகாது என்பது நிபந்தனை. அது எழுத்தில் நின்றது. நிலங்களுள் பல பிறர் கைக்குப் போயின. மாமல்லபுரத்துக்கு அருகிலுள்ள காரணையின் பஞ்சமி நிலத்தை மீட்கக் கோரி 1994 அக்டோபர் 10-இல் செங்கற்பட்டில் திரண்டவர்கள்மீது காவல்துறை சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இருவர் உயிர் துறந்தனர்.