மாத்திரையோட முதல் வேலை

கருத்தடை மாத்திரைன்னாலே 'கல்யாணமானவங்க சமாச்சாரம்'னு ஒதுக்கிடறோம். வரலாறு வேற மாதிரிங்க. முதல் மாத்திரையான எனோவிட்டுக்கு 1957-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது மாதவிடாய்க் கோளாறுகளுக்குத்தான். கருத்தடைக்கான அனுமதி 1960-ல்தான் வந்தது!

அதிலுள்ள ஹார்மோன்கள் கருமுட்டை வெளியேறுவதைத் தடுக்கும். கர்ப்பப்பையின் உள்சவ்வு மெலிசாவே இருக்கும். அதனால வலியைத் தூண்டும் புராஸ்டாகிளாண்டின் குறையும், உதிரப்போக்கும் குறையும்.

நம்ம ஊர்ல நடந்ததைப் பாருங்க. தமிழ்நாட்டு ஆயத்த ஆடை ஆலைகளில், வலின்னு சொன்ன பெண்களுக்குப் பேரே ஒட்டாத மாத்திரைகளைக் கொடுத்ததை 2019-ல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை வெளிக்கொண்டு வந்தது. சோதிச்சா, அவை வலி மாத்திரைகள். ஏன் வலிக்குதுன்னு பார்க்க யாருமில்லை. மெஷின் நிக்கக்கூடாது, அவ்வளவுதான்.

ஓசூர் சிப்காட்டிலும் ஷிப்டு பார்க்கும் பெண்கள் ஏராளம். பக்கத்துல அத்திப்பள்ளி வந்துட்டாலே கர்நாடகா. அங்கே தனியார் ஆலைகளுக்கும் சேர்த்து, மாதம் ஒருநாள் சம்பளத்தோட மாதவிடாய் விடுப்பு தர அமைச்சரவை 2025 அக்டோபரில் ஒப்புதல் தந்தது.

விடுப்பு நல்லதுதான், ஆனா அது வைத்தியம் ஆகாது. ஹார்மோன் மாத்திரையும் எல்லாருக்கும் ஒத்துவராது. ரத்தம் உறையும் ஆபத்து உள்ளவங்களுக்கு ஆகாது. அதனால வலியில சுருண்டு படுக்கிற பொண்ணுகிட்ட 'கல்யாணமானா சரியாயிடும்'னு சொல்லாம டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.